ஐடி போடுவதற்கு முன் ஒரு குறை

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
நேரடி விற்பனை நிறுவனம் (பெயரை நீங்களே நிரப்பிக்கொள்ளவும்).

பொருள்: வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கத் தங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது – சேருவதற்கு முன்பே குறை தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

நான் உங்கள் நிறுவனத்தில் இன்னும் சேரவில்லை; ஐடி என்கிற உறுப்பினர் எண்ணும் போடவில்லை. சேராதவளுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். சேர்ந்த பிறகு குறை சொல்ல முடியாது என்பதுதான் முதல் குறை. எங்கள் சேலத்தில் யாரும் கம்பெனியைப் பார்த்துச் சேருவதில்லை. நாத்தனாரைப் பார்த்து, ஓரகத்தியைப் பார்த்து, பிள்ளையோடு படிக்கும் பையனின் அம்மாவைப் பார்த்துச் சேருகிறார்கள். நாளைக்குப் பணம் போய், உங்கள் மேல் புகார் எழுதினால் அது நாத்தனார் மேல் எழுதியதாகத்தான் ஆகும். பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் அவர் முகத்தில் முழிக்க வேண்டுமே. அதனால் எழுதுவதில்லை. புரோட்டீன் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம். உங்கள் மேசைக்குக் குறை எதுவும் வரவில்லை என்று மேலிடத்துக்கு எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாயை மூடுவதோடு நிற்பதும் இல்லை. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் காசு தருகிறோம் என்ற நிறுவனத்தின் மேல் போலீஸ் வழக்குப் போட்டிருந்த நேரம் அது. திரண்டவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க வந்தவர்கள் என்று நினைத்தால் தப்பு. நிறுவனத்துக்கு ஆதரவு தெரிவிக்க வந்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஜனங்கள் இருக்கும் ஊரில் உங்களுக்கு என்ன வேலை இருக்கப் போகிறது? சும்மா உட்கார்ந்திருப்பீர்களே என்றுதான் இந்தக் கடிதம்.

நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்பதே சட்டத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021. அந்த வருடம் டிசம்பர் 28-ஆம் தேதி மத்திய அரசு அறிவித்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி நேரம் கேட்காமலும் நுகர்வோர் வீட்டுக்குப் போகக் கூடாது. போனதும் தான் யார், எந்த நிறுவனம், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டும். என் நாத்தனார் இனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போன் செய்து, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் என் வீட்டு வாசற்படி ஏற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் எந்தச் சாமியிடம் வேண்டியும் நடக்காதது இது. ஆனால் அமல்படுத்த ஆளில்லை. அவர் என்னைச் சேர்க்க வந்த அன்றைக்கும் "சும்மா உன்னைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் கண்ணு" என்றுதான் வந்தார். காப்பி ஆறுவதற்குள் பையிலிருந்து டப்பா வெளியே வந்தது.

டப்பாவோடு ஒரு சின்ன அயோடின் புட்டியும் வந்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். நாலு சொட்டு விட்டதும் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. "நம்ம உடம்புல சேர்ற விஷம் இப்படித்தான் இருக்கும்." ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினார். நிறம் போய்த் தண்ணீர் தெளிந்தது. "பாத்தியா?" பார்த்தேன். எனக்குப் பத்தாம் வகுப்பு வேதியியல் கொஞ்சம் மிச்சமிருந்தது. இன்னொரு டம்ளரில் நாலு சொட்டு விடச் சொல்லி, ரசத்துக்கு நறுக்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியைப் பிழிந்தேன். அதுவும் தெளிந்தது. அயோடினின் நிறத்தை எடுப்பது வைட்டமின் சி. மாத்திரையில் இருந்தாலும் எடுக்கும், பழத்தில் இருந்தாலும் எடுக்கும். விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நாத்தனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எலுமிச்சம்பழத்துக்குப் பாயின்ட் வருமா?" என்று கேட்டார்.

உங்கள் தொழிலைப் பற்றி அதற்குமேல் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

சரி, எந்த நிறுவனம் என்ற தேர்வுக்கு வருகிறேன். எனக்கு வருமானம் வேண்டும். வெளியே போய்ச் செய்ய முடியாது. மாமியாருக்கு இன்சுலின் போட வேண்டும், பிள்ளை நான்கு மணிக்கு வந்துவிடும். இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது காற்றில் தெரிந்துவிடும் போலிருக்கிறது. நாத்தனார் புரோட்டீன் பவுடரோடு வந்தால், கூடப் படித்தவள் கற்றாழைச் சாற்றோடு வருகிறாள். மாடி வீட்டு அக்கா காளான் கலந்த காப்பி. சித்தி மகன் எந்தப் பொருளும் இல்லாமல் வெறும் ஆப்போடு வந்தான். ஒவ்வொருவரும் மற்ற மூவரைப் பற்றியும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்கள்: "அதெல்லாம் பிரமிடு, நம்மளுது லீகல்." சேரும் முன் நாலு விஷயம் பார்க்க வேண்டுமாம். கம்பெனியைப் பார், பொருளைப் பார், ப்ளானைப் பார், உன்னைச் சேர்த்துவிடும் அப்லைனைப் பார். நல்ல யோசனை. நாலையும் எனக்குக் காட்டுகிறவர் ஒரே ஆள். நான் சேர்ந்தால் கமிஷன் வாங்கப் போகிறவரும் அவரே.

வீட்டிலிருந்து வேலை என்பது தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஜூம் வந்த பிறகு தெரிந்த சங்கதி இல்லை. திருநெல்வேலி முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர்களுக்குக் கம்பெனி இலையும் தூளும் கொடுக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்காக 1966-ல் ஒரு சட்டமே வந்தது. கூலி குறைவு, நெஞ்சும் முதுகும் போகிறது, எல்லாம் உண்மை. ஆனால் காசு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வருகிறது என்பதில் குழப்பம் இல்லை. திருப்பூர் பனியன் துணிக்கு வீட்டிலிருந்து பிசிறு வெட்டுகிறவளுக்கும் பீஸ் கணக்குதான். இலையை நீயே விலை கொடுத்து வாங்கு, நீயே சுற்று, நீயே குடி, இன்னும் ஐந்து பேரைக் குடிக்க வைத்தால் உனக்குச் சில்வர் பதவி என்று எந்தப் பீடி முதலாளியும் இதுவரை சொன்னதில்லை. அந்த அளவுக்கு அவர்களுக்குப் புத்தி போகவில்லை.

உங்களிடம் திரும்பினால், சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. யாரும் வாங்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். "ஐடி ஃப்ரீதான். ஃபர்ஸ்ட் ஆர்டர் மட்டும் போடணும்." போடாவிட்டால்? "கட்டாயம் இல்ல. ஆனா ஐடி ஆக்டிவ் ஆகாது." அடுத்த மாதம்? "அடுத்த மாசமும் போட்டாத்தான் ஆக்டிவ்." ஆக்டிவாக இல்லாத மாதத்தில் கீழே இருக்கிறவர்கள் எவ்வளவு வாங்கினாலும் அந்தக் கமிஷன் எனக்கு வராது. மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 60,000. எங்கள் வீட்டு வருட மளிகையில் பாதிக்குமேல் அதுவே தின்றுவிடும். அப்புறம் ஷாம்பு, பற்பசை, பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாவற்றையும் கடையில் வாங்காமல் 'நம்ம கம்பெனி'யில் வாங்கச் சொல்கிறார்கள். "எப்படியும் வாங்கத்தானே போற, இங்க வாங்கினா காசு வரும்." கடையில் 110 ரூபாய்க்குக் கிடைப்பதை எதற்கு மூன்று மடங்குக்கு வாங்க வேண்டும் என்று கேட்டால் அந்தத் திரவம் 'கான்சன்ட்ரேட்டட்' என்றார்கள். எவ்வளவு தண்ணீர் கலந்தால் என் 60,000 திரும்ப வரும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இங்கேதான் உங்களிடம் தீர்ப்புக் கேட்கிறேன். உங்கள் கணக்கில் நான் யார்? மாதாமாதம் பொருள் வாங்கி என் வீட்டிலேயே தீர்க்கிறவள் என்றால் நான் நுகர்வோர். ஐடி இருப்பதால் விற்பனையாளர் என்கிறீர்கள். மேடையில் ஏற்றினால் தொழிலதிபர் என்கிறீர்கள். சம்பளம் கேட்டால் தொழிலதிபருக்கு ஏது சம்பளம் என்கிறீர்கள். நஷ்டம் என்றால் உழைப்புப் போதவில்லை, 'நெகட்டிவ் பீப்பிள்' பேச்சைக் கேட்டுவிட்டாய் என்கிறீர்கள். அரசாங்கத்திடம் விற்பனைத் தொகை காட்டும்போது மட்டும் நான் பரணில் போட்ட டப்பாவும் விற்பனையில் சேர்ந்துவிடுகிறது.

இது நான் வம்புக்குக் கிளப்பும் கேள்வி இல்லை. அமெரிக்காவில் நாற்பது வருடத்துக்கு மேலாக இதே கேள்விதான் நடக்கிறது. 1979-ல் அந்த நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனம் ஆள் சேர்த்தே காசு பார்க்கும் பிரமிடு அல்ல என்று சொன்னது. அதற்கு அது எடுத்துக் காட்டிய காரணங்கள் அந்நிறுவனம் வைத்திருந்த சில விதிகள். வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தை விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றதைக் காட்ட வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். வருமானத்தைப் பெரிதுபடுத்திச் சொல்லக் கூடாது என்றும் அதே உத்தரவில் கண்டித்தது. அந்தப் பகுதியை உங்கள் மேடைகளில் நான் இன்னும் கேட்கவில்லை. அந்தப் பத்து வாடிக்கையாளர் கணக்கை என் நாத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் அவர் வீட்டு ஆட்கள், பத்தாவது நான்.

2016-ல் ஹெர்பலைஃப் நிறுவனம் அதே ஆணையத்திடம் 20 கோடி டாலர் கட்டி, உண்மையான வாடிக்கையாளருக்கு விற்றதை வைத்துத்தான் இனிக் கமிஷன் தருவோம் என்று ஒப்புக்கொண்டது. 2024 செப்டம்பரில் ஆணையத்தின் அலுவலர்கள் 70 நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வந்தது வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவோ. மாதம் 84 டாலர்கூடத் தேறாது. அதுவும் செலவைக் கழிக்காமல். இவையெல்லாம் நிறுவனங்களே தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த கணக்கு.

நம் ஊருக்கு வந்தால், 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை ஆம்வேயின் 757 கோடி ரூபாய்ச் சொத்துகளை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்துத் தொழிற்சாலையும் நிலமும் அதில் அடக்கம். நாங்கள் சட்டப்படிதான் நடக்கிறோம் என்றது நிறுவனம். வழக்கு அதன் போக்கில் போகட்டும். எனக்கு வேண்டியதெல்லாம், மாடி வீட்டு அக்காவுக்கும் அவர் அப்லைனுக்கும் போன வருடம் கையில் நின்றது எவ்வளவு என்று நீங்கள் அச்சடித்து வைத்திருக்கிறீர்களா என்பதுதான்.

போனால் போகிறதென்று இந்தக் கம்பெனிக்காரர்கள் நடத்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் போனேன். மே மாதத்துச் சேலத்தில் கோட்டும் டையும் போட்டு ஒருவர் மேடையில் நின்றார். அந்த வியர்வைக்கே தனியாக ஒரு போனஸ் கொடுக்கலாம். வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு 'நீங்க' என்று எழுதினார். கீழே ஐந்து வட்டம். அந்த ஐந்துக்குக் கீழே இருபத்தைந்து. "அஞ்சு பேருக்கு அஞ்சு பேர், அவ்வளவுதான் சார் வேலை." நான் பையிலிருந்த மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கணக்கைத் தொடர்ந்து போட்டேன். ஒன்பதாவது படியில் 19 லட்சத்துச் சொச்சம். பத்தாவதில் 97 லட்சம். சேலம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி மொத்தமே சுமார் 35 லட்சம் பேர்தான், தொட்டில் குழந்தையையும் சேர்த்து. பன்னிரண்டாவது படியில் 24 கோடி. தமிழ்நாட்டில் ஆள் தீர்ந்துவிட்டது. அவர் பலகையில் இரண்டாவது படியோடு நிறுத்திவிட்டு வெளிநாட்டுச் சுற்றுலாப் படங்களுக்குப் போய்விட்டார். சரிபார்க்க முடியாத எதையும் சேர வருகிறவரிடம் சொல்லக் கூடாது, நிறைவேற்ற முடியாத வாக்குறுதி தரக் கூடாது என்றும் அந்த 2021 விதிகளில் இருக்கிறது. ஆறு மாதத்தில் கார் என்று அவர் சொன்னபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சாதகமாகச் சொல்வேன். அன்றைக்கு எங்கள் மாடி வீட்டு அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வருவார், போவார். மைக்கைக் கையில் கொடுத்ததும் தடுமாறினார், தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், "நான் இப்ப ஸ்டார் லெவல்" என்றார். முந்நூறு பேர் கை தட்டினார்கள். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் முப்பது வருடமாக ஒருவரும் அவருக்குக் கை தட்டியதில்லை. மாதாமாதம் அவர் வாங்குவது காளான் காப்பி இல்லை, அந்தக் கைதட்டல் என்று அப்போதுதான் புரிந்தது. அதைக் கொஞ்சம் மலிவாகத் தரக்கூடாதா என்று உங்களைக் கேட்கத் தோன்றியது.

இந்த வித்தையில் பேர் வாங்கியவரும் ஒரு பெண்தான். டப்பர்வேர் டப்பாவைக் கடையில் யாரும் சீண்டாத காலத்தில், விவாகரத்தாகி மகனோடு தனியாக இருந்த பிரவுனி வைஸ் என்பவர், வீட்டுக் கூடத்தில் பெண்களைக் கூட்டி விற்கும் முறையைப் பெரிதாக வளர்த்தெடுத்தார். 1951-ல் நிறுவனம் அவரைத் துணைத் தலைவராக்கியது. 1954-ல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். 1958-ல் முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பினார்; ஒரு பங்குகூடக் கையில் இல்லை, ஒரு வருடச் சம்பளம் கிடைத்தது. அதே வருடம் முதலாளி நிறுவனத்தை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். இத்தனைக்கும் அந்த டப்பா நல்ல டப்பா. என்னிடம் இருக்கும் இரண்டில் இன்னும் புளிக்குழம்பு கசியாமல் பள்ளிக்கூடம் போகிறது. அந்த நிறுவனமும் 2024 செப்டம்பரில் திவால் மனுப் போட்டது. உச்சாணியில் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஸ்டார் லெவல் அக்காவுக்கு நீங்கள் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்?

உங்கள் நிறுவனங்களை ஒப்பிட எனக்கு ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. அது எங்கள் தெருக்கோடியிலேயே இருக்கிறது. இளம்பிள்ளையிலிருந்து சேலை எடுத்து வந்து வீட்டிலேயே வைத்துத் தவணைக்கு விற்கும் அம்மா ஒருவர். திண்ணையில் பாய் விரித்துச் சேலையைப் பிரித்துப் போடுவார். அட்டை கிழிந்த ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் பெயர், சேலை நிறம், வாரம் இருநூறு, வந்ததற்கு நேராக ஒரு கோடு. 'டீச்சர் வீடு, மயில்கழுத்து' என்று இருக்கும். சாயம் போனால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது திரும்ப வாங்கிக்கொள்வார். அவருக்குச் சில்வர் இல்லை, டயமண்ட் இல்லை, கனவுப் பலகை இல்லை. அந்த நோட்டில் இருக்கிற எவரும் சேலை விற்பவர் இல்லை. எல்லாரும் சேலை கட்டுகிறவர்கள். தெருவில் இன்னொருத்தி சேலை விற்க ஆரம்பித்தால் அந்த அம்மாவுக்கு வயிறு எரியும். வியாபாரி என்றால் எரியத்தான் வேண்டும். உங்கள் ஆட்களோ, வாங்க வந்த என்னையே பக்கத்தில் கடை போடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். பொருளில் நாலு காசு இருந்தால் ஊரைக் கூட்டிப் போட்டியாளர் ஆக்குவார்களா என்று அந்த அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களுக்கு அனுப்புகிறேன்.

ஆகையால் நான் சேரத் தயார். எந்த நிறுவனமானாலும் சரி, எனக்குப் பாகுபாடு கிடையாது. நீங்கள் போன வருடம் விற்றதில், ஐடியே இல்லாத ஆட்கள் காசு கொடுத்து வாங்கியது எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். சேலம் மாவட்டத்தில் ஐடி வைத்திருப்பவர்களில், தான் வாங்கிய சரக்கு, பஸ் செலவு, கூட்ட டிக்கெட் எல்லாம் கழித்தபின் மிச்சம் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். ஒருவரைக்கூடக் கீழே சேர்க்காமல், அந்தச் சேலைக்கார அம்மாவைப் போல் வெறுமனே விற்றால் மாதம் எனக்கு என்ன கிடைக்கும் என்றும் எழுதுங்கள். மூன்றுக்கும் எண்ணில் பதில் தரும் முதல் நிறுவனத்தில் அன்றைக்கே ஐடி போடுகிறேன். பதில் வராவிட்டால் இளம்பிள்ளைக்குப் பஸ் அடிக்கடி இருக்கிறது.

விதிப்படி இந்தக் கடிதம் கிடைத்ததை 48 வேலை மணி நேரத்துக்குள் நீங்கள் எனக்கு உறுதிசெய்ய வேண்டும். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விதி நுகர்வோர் புகாருக்கு. ஆகவே என் கடிதத்தை எடுத்ததும் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இதை நுகர்வோர் கோப்பில் வைப்பதா, விற்பனையாளர் கோப்பில் வைப்பதா என்பது. எதில் வைத்தீர்கள் என்பதை மட்டுமாவது தயவுசெய்து தெரியப்படுத்தவும். தபாலில் அனுப்பினால் போதும். கைபேசி எண் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஜூம் லிங்க் வரும் என்பதால் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஐடி இல்லாத ஒருத்தி,
சேலம்.